மூச்சைப் பார்க்கச் சொன்னவள்

போன மாதம் ஒரு போன் வந்தது. நாமக்கல் அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது கவிதா என்றொரு பெண் இருக்கிறாள். அவள்தான் பேசினாள். துறையில் புதிதாக ஒரு பயிற்சி கொடுத்தார்களாம். குற்றம் செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசவைப்பது, அதற்கு முன்னால் புத்தர் சொன்ன வழியில் மூச்சைக் கவனிக்கவைத்து மனதை அடங்கச் செய்வது.

"நீங்க இதை அப்பவே பண்ணியிருக்கீங்களாமே மேடம்! பழைய கோப்புல பார்த்தேன். ஸ்டெப் ஸ்டெப்பா எழுதிக் கொடுத்தீங்கன்னா அப்படியே ஃபாலோ பண்ணிக்குவேன்."

எழுதித் தருகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நான்கு முறை எழுதி நான்கு முறை கிழித்துப் போட்டாயிற்று. முதல் படி, இரண்டாம் படி என்று நன்றாகத்தான் போகும். மோகனூர் பழனியம்மாள் கேஸ் வந்ததும் பேனா நின்றுவிடும். நான் செய்தது நல்லதா கெட்டதா என்று எனக்கே இன்றுவரை விளங்கவில்லை. விளங்காத ஒன்றுக்கு எப்படிப் படி கட்டுவது?

நான் நன்னடத்தை அலுவலராக இருந்தவள். அப்படியென்றால் என்ன வேலை என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. சேலத்தில் என் பங்குக் கோயிலுக்கு, அதாவது எங்கள் சர்ச்சுக்கு, வரும் பெண்கள் நான் போலீஸ் என்றே கடைசிவரை நினைத்தார்கள். முதல் முறையாகக் குற்றம் செய்த ஒருவனைச் சிறைக்கு அனுப்பலாமா, கண்காணிப்பில் வெளியே விடலாமா என்று நீதிமன்றம் யோசிக்கும். அவன் வீடு, ஊர், வேலை, குணம் எல்லாவற்றையும் விசாரித்து அறிக்கை கொடுப்பது எங்கள் வேலை. வெளியே விட்டால் அவனைக் கண்காணிப்பதும் எங்கள் வேலைதான். தேர்வு, பயிற்சி, முதல் பத்து வருடம் பற்றியெல்லாம் சொல்ல ஒன்றும் இல்லை. பஸ்ஸில் போனேன், விசாரித்தேன், எழுதினேன்.

எழுதியதை எல்லாம் அடித்தவர் சம்பந்தம் சார். நாமக்கல்லையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட சேலம் அலுவலகத்தில் எனக்கு மேலதிகாரி. மேஜைமேல் எப்போதும் ஒரு பிளாஸ்க் வெந்நீரும் ஒரு சிவப்புப் பென்சிலும் இருக்கும். நாம் நின்றுகொண்டிருந்தால் அவரும் எழுந்து நிற்பார். அதனால் யாரும் அவர் முன்னால் அதிக நேரம் நிற்கமாட்டோம். "செய்த குற்றத்துக்காக உண்மையாகவே வருந்துகிறார்" என்று ஒருமுறை எழுதியிருந்தேன். முதலில் 'உண்மையாகவே'யை அடித்தார். கொஞ்சம் வெந்நீர் குடித்தார். பிறகு 'வருந்துகிறார்' என்பதையும் அடித்தார்.

"வருந்தினதை நீங்க பார்த்தீங்களாம்மா?"

"அழுதான் சார்."

"அப்போ அழுதான்னு எழுதுங்க. மத்தது உங்க அபிப்பிராயம்."

கோபம் கோபமாக வரும் எனக்கு. இப்போது யோசித்தால் வேலை என்று ஒன்றைக் கற்றுக்கொண்டது அந்தப் பென்சிலிடம்தான்.

தியானம் எனக்கு எப்படி வந்தது என்றால், வேலையாகச் சிறைக்குப் போய் வந்ததால் வந்தது. அங்கே வகுப்பு நடத்தினார்கள். பத்து நாள் பேசாமல் உட்கார்ந்து எழுந்த ஒரு கைதி, "கோவம் எங்கிருந்து கெளம்புதுன்னு பாத்துட்டேன் மேடம், அடிவயித்துலங்க" என்றான். ஏதோ தொலைந்த சாமானைக் கண்டுபிடித்தவன் மாதிரி சொன்னான். எனக்கு ஆசை வந்துவிட்டது. லீவு போட்டுவிட்டு நானும் பத்து நாள் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் முழங்கால் செத்தது, நான்காம் நாள் காரணமே இல்லாமல் அழுதேன். மற்ற நேரமெல்லாம் புளிசாதத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் திரும்பி வந்தபோது எனக்குள் ஏதோ ஒரு இரைச்சல் குறைந்திருந்தது. மூச்சு வருகிறது, மூச்சு போகிறது, எதையும் பிடித்துவைக்காதே, எதையும் தள்ளாதே. இவ்வளவுதான் பாடம்.

பங்குக் கோயிலில் செய்தி பரவிவிட்டது. "ரெஜினாக்கா, மொட்டை எப்ப போடறீங்க?" என்று கேலி செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, குழப்பம்தான் வந்தது. பாவசங்கீர்த்தனத்தில் நாம் செய்த பாவத்தை வாய்விட்டுச் சொல்கிறோம், கேட்கப் பாதிரியார் இருக்கிறார், முடிவில் சமாதானமாகப் போ என்கிறார். இங்கே சொல்லவும் வேண்டாம், கேட்கவும் ஆளில்லை, சமாதானம் மட்டும் வந்துவிடுகிறது. அது சரிதானா என்ற கேள்வி அன்றே எனக்குள் விழுந்தது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

சம்பந்தம் சாரிடம் கேட்டேன். சில கேஸ்களில் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசவைக்கும்போது முதலில் கொஞ்ச நேரம் மூச்சைக் கவனிக்கவைக்கலாமா என்று. வெந்நீர் குடித்தார்.

"கட்டாயப்படுத்தக் கூடாது. யாருக்கும் மதம் மாத்தற மாதிரி தோணக் கூடாது. கோப்புல தியானம்னு எழுதாதீங்க."

"பின்ன என்னன்னு எழுதறது சார்?"

"அமைதியாக அமர்ந்திருந்தனர். அதுதானே நடக்குது?"

நான் வைத்திருந்த முறையை கவிதாவுக்காகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒவ்வொரு தரப்புடனும் தனித்தனியாக மூன்று முறை உட்காருவேன். பிறகுதான் இருவரும் சேர்ந்து. ஜமக்காளம் விரித்துத் தரையில்தான். நாற்காலி போட்டால் பெரிய நாற்காலி யாருக்கு என்று வந்துவிடும். இருவரும் நேருக்கு நேர் இல்லாமல் கொஞ்சம் சாய்வாக உட்காரவேண்டும். கண்ணை விலக்கிக்கொள்ள ஒரு வழி வேண்டுமே. பாதிக்கப்பட்டவர் கதவுப் பக்கம், எந்த நிமிடமும் எழுந்து போகலாம். போன்களை அணைத்து ஒரு தட்டில் வைத்துவிடுவோம். ஒரு சொம்புத் தண்ணீர். ஆரம்பிக்க மணி கிடையாது, எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் ஒரு தட்டு. ஐந்து நிமிடம் மூச்சு. பிறகு பேச்சு. 'மன்னிப்பு' என்ற வார்த்தையை நான் எடுக்கமாட்டேன், அவர்களாக எடுத்தால் தடுக்கவும் மாட்டேன். முடிவில் ஒவ்வொருவரும் மற்றவரிடம் சொல்லிக்கொண்டு புறப்படவேண்டும். அது நான் சேர்த்த படி, எனக்கு ரொம்பப் பெருமை.

சின்னச் சின்ன கேஸ்களில் இது நன்றாகவே நடந்தது. ஜலகண்டாபுரத்தில் ஒரே தறிக்கூடத்தில் மண்டையை உடைத்துக்கொண்ட அண்ணன் தம்பி இருவர், மூச்சைக் கவனிக்கிறேன் என்று குறட்டை விட்டார்கள், எழுந்து சிரித்துக்கொண்டு போனார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியது. அந்தத் தலைக்கனத்தோடுதான் மோகனூர் போனேன்.

பழனியம்மாளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை. ஒரே மகன் மணிகண்டன், பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தவன். ஒரு நாள் காலை மொபெட்டில் கல்லூரிக்குக் கிளம்பினான். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் போன வாழைத்தார் வண்டியை முந்தியது. பின்னால் கட்டியிருந்த டிரெய்லர் ஆடி அவனைச் சாய்த்தது. மூன்று நாள் சேலம் பெரியாஸ்பத்திரியில் இருந்து இறந்துபோனான். டிராக்டர் ஓட்டியவன் கார்த்தி, இருபது வயது. கரும்புக் காட்டுக்குள் ஓடிவிட்டு மறுநாள் சரணடைந்தான். வழக்கு நடந்து குற்றம் உறுதியாகி, தண்டனைக்கு முன் என் அறிக்கையைக் கேட்டது நீதிமன்றம். அதற்குள் ஒன்றரை வருடம் ஓடியிருந்தது.

கார்த்தியின் தரப்புக் கதையை ஊரில் எல்லோரும் சொன்னார்கள். பழனியம்மாள் என்ன நினைக்கிறார் என்று யாரும் கேட்டிருக்கவில்லை. நான் போனேன். வாழைத் தோப்பை ஒட்டிய ஓட்டு வீடு. உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். என் முறையை விளக்கினேன். தலையாட்டினார். டம்ளரைத் தட்டினேன்.

"கண்ணை மூடிக்குங்க. மூச்சு உள்ள போறதையும் வெளிய வர்றதையும் மட்டும் பாருங்க. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்."

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கண்ணை மூடியபடியே சொன்னார்.

"மூணு நாளு நான் அதைத்தானுங்க பாத்துட்டிருந்தேன்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"என்ற பையனுக்கு மிசினுல மூச்சு உட்டாங்க. நெஞ்சு ஏறும், எறங்கும். நான் கண்ணு சிமிட்டாம பாத்துட்டே நிப்பேன். நான் பாக்காம உட்டா நின்னு போயிருமோன்னு பயமுங்க. மூணாம் நாளு நர்சு புள்ள, தண்ணி குடிச்சிட்டு வாங்கம்மான்னு சொல்லுச்சு. போயிட்டு வாரேன், நின்னு போச்சு."

அந்த ஜமக்காளத்தில் நான் குறுகிப்போனேன். கோப்பில் எல்லாம் இருந்தது. மூன்று நாள் வென்டிலேட்டர் என்று மருத்துவ அறிக்கையில் நானே கோடு போட்டு வைத்திருந்தேன். படித்தவள் யோசிக்கவில்லை. எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை வைத்திருக்கும் போலி வைத்தியன் மாதிரி வந்து உட்கார்ந்திருக்கிறேன். "மன்னிச்சுக்குங்கம்மா, இது வேண்டாம், நிறுத்திடலாம்" என்றேன். என் விதியை நானே உடைத்து 'மன்னிச்சுக்குங்க' என்ற வார்த்தையை எடுத்தது அன்றைக்குத்தான்.

"நிறுத்தாதீங்க" என்றார். "கண்ணை மூடுனா அவன் மூச்சு கேக்குது. ஆஸ்பத்திரி மூச்சு இல்லீங்க, ஊட்டுல தூங்கறப்ப வர்ற மூச்சு. நாளைக்கும் வாங்க."

நான் கற்றுக்கொண்ட பாடம் எதையும் பிடித்துவைக்காதே என்பது. அவர் அதே பாடத்தை வைத்து மகனைப் பிடித்துவைத்துக்கொண்டிருந்தார். இது தவறு என்று சொல்ல நான் யார்? சரி என்று சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. மறுநாளும் போனேன்.

இந்தப் பக்கம் கார்த்தி. அவனுக்கு இது ஒரே வாரத்தில் பிடிபட்டுவிட்டது. முதல் நாள் ஐந்து நிமிடம்கூட உட்கார முடியாதவன் மூன்றாம் முறை முதுகை நேராக வைத்து அரை மணி நேரம் உட்கார்ந்தான். "மனசு லேசாயிருச்சுங்க மேடம். இப்பத்தான் நல்லாத் தூங்கறேனுங்க" என்றான். சந்தோஷப்பட வேண்டியவள் நான். பளாரென்று அறையலாம் போல இருந்தது. அந்தத் தாய் அங்கே விழித்துக்கொண்டிருக்கிறாள், நீ இங்கே தூங்குகிறாயா? அந்தத் தூக்கத்தை அவனுக்குக் கொடுத்ததே நான்தான் என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது.

சம்பந்தம் சாரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் எழுந்து நின்றபடியே கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தம்மாவுக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. மூச்சு, ஜமக்காளம், சாய்வாக உட்காருவது எல்லாம் யோசித்தேன், அதைக் கேட்கவில்லை.

அடுத்த நாள் கேட்டேன். பழனியம்மாள் பதிலைத் தயாராக வைத்திருந்தார்.

"அவன் கடைசியா என்ன பேசுனான்னு எனக்குத் தெரியோணுமுங்க. அன்னைக்கு மத்தியானச் சோத்துப்போசியை மறந்துட்டுப் போயிட்டான். அதைச் சொல்றக்கு மூணு தடவை போன் பண்ணுனேன். மூணு தடவையும் முழுசா அடிச்சு நின்னுச்சு. நான் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப வாய்ல கொழாயைச் சொருகிட்டாங்க. வாழைத்தார் வண்டியில வந்த பொம்பளை சொல்லுச்சு, டிராக்டர் ஓட்டுனவன் கொஞ்ச நேரம் பக்கத்துல குத்தவெச்சு உக்காந்திருந்தான், கூட்டம் சேரவும் ஓடிட்டான்னு. அப்ப அவனுக்குத் தெரியுமல்லோ? அவன் ஆபீசுக்கெல்லாம் வர வேண்டாம். இங்கயே வரட்டும். இன்னி வரைக்கும் துக்கம் கேக்கக்கூட வரலை."

கார்த்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். பழனியம்மாளின் நாத்தனார் துணைக்கு இருந்தார். டம்ளர், ஐந்து நிமிடம், பிறகு பேச்சு. பழனியம்மாள் கேட்டார். கார்த்தி ஜமக்காளத்தின் கோடுகளைப் பார்த்தபடி, "ஞாபகமில்லீங்க" என்றான். மறுபடி கேட்டார். "ஞாபகமில்லீங்க." அவ்வளவுதான். அவன் எழுந்தான். என் கடைசிப் படி, சொல்லிக்கொண்டு புறப்படுவது. நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் என் கையைப் பிடித்து அழுத்தினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. துக்கம் கேட்க வந்தவன் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லலாமா? இழவு வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டு கிளம்புவார்களா? எங்கள் கிறிஸ்தவ வீடுகளிலும் அதே வழக்கம்தான். எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடக்கவேண்டியதுதான். கார்த்திக்கு அது தெரிந்திருந்தது. பேசாமல் போனான். என் முறையில் அந்தப் படியை அன்றே அடித்துவிட்டேன்.

இரண்டாவது முறை போக எனக்கு மனமே இல்லை. கார்த்தியேதான் கேட்டான். "இன்னொரு தடவை கூட்டிட்டுப் போங்க மேடம்."

அன்றைக்குப் பழனியம்மாள் தனியாக இருந்தார். நடுப்பகல், வெயில் ஓட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. டம்ளரைத் தட்டினேன். ஐந்து நிமிடம் முடிந்து நான் மறுபடி தட்டுவதற்குள் கார்த்தி கண்ணை மூடியபடியே பேச ஆரம்பித்தான்.

"பேசுனாருங்க. நல்லாத்தான் பேசுனாரு. போன் அடிச்சுதுங்க. ரோட்டுல கெடந்துச்சு, நான்தான் எடுத்தேன். அம்மான்னு இருந்துச்சு. எடுக்காதீங்கண்ணா, அம்மா பயந்துக்கும், நானே அப்பறம் பேசிக்கறேன்னாரு. நான் கையிலயே வெச்சிருந்தேனுங்க. மூணு தடவை அடிச்சுது. எடுக்கலைங்க."

பழனியம்மாள் கண்ணைத் திறந்தார்.

"அவஞ் சொன்னதுக்காவ எடுக்கலியா, பயந்துட்டு எடுக்கலியா?"

கார்த்தியும் கண்ணைத் திறந்தான். "ரெண்டும்தானுங்க."

மகன் மயங்கிக் கிடந்ததால்தான் போன் எடுக்கவில்லை என்று ஒன்றரை வருடமாக நம்பி வந்தவர் அவர். கார்த்தி எடுத்திருந்தால் மகன் குரலைக் கேட்டிருப்பார். அந்த உண்மையைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டுவிட்டேன். இதற்காகவா நான் வந்தேன்? என்ன செய்வதென்று தெரியாமல், "ரெண்டு நிமிஷம் மூச்சைக் கவனிக்கலாமா?" என்றேன். அதைவிட அசட்டுத்தனமாக என் வாழ்க்கையில் நான் எதுவும் சொன்னதில்லை. பழனியம்மாள் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். மிச்சத்தைக் கார்த்தி பக்கம் நகர்த்தினார். அவனும் குடித்தான்.

"பேசறப்ப மூச்சு வாங்குச்சா அவனுக்கு?"

"கொஞ்சம் வாங்குச்சுங்க."

"அண்ணான்னா கூப்பிட்டான்?"

"ஆமாங்க."

கார்த்தி எழுந்தான். வழக்கம்போல யாரையும் பார்க்காமல், ஒன்றும் சொல்லாமல் வாசலுக்குப் போய்ச் செருப்பில் கால் நுழைத்தான்.

"ஏப்பா" என்றார் பழனியம்மாள். "சொல்லிட்டுப் போ."

அவன் திகைத்து என்னைப் பார்த்தான். எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஒன்றரை வருடமாக அந்த வீட்டை இழவு வீடாகவே வைத்திருந்தவர், மகனைச் சாய்த்தவனைப் பார்த்து, சொல்லிக்கொண்டு போ என்கிறார்.

"போயிட்டு... வாரேனுங்க."

"பொங்கல் கழிச்சு ஒருக்கா வா. இன்னும் கேக்கோணும். உனக்கு அப்பப்ப ஞாபகம் வரும்." என்னிடம் திரும்பி, "நீங்களும் வாங்க" என்றார். அவன் வருகிறேன் என்றான். நானும் வருகிறேன் என்றேன்.

அறிக்கையில் நடந்ததை மட்டும் எழுதினேன். கடைசி வரி, "புறப்படும்போது, சொல்லிவிட்டுப் போகுமாறு இறந்தவரின் தாயார் கூறினார்." சம்பந்தம் சாரின் பென்சில் அந்த வரியின் மேல் நின்றது.

"இதுக்கு என்னம்மா அர்த்தம்? மன்னிச்சுட்டாங்களா?"

"தெரியலை சார்."

"அப்போ அப்படியே இருக்கட்டும்" என்று பென்சிலைக் கீழே வைத்தார்.

கார்த்தியைக் கண்காணிப்பில் விட்டார்கள். கண்காணிப்புக் காலம் முழுக்க ஒழுங்காக நடந்துகொண்டான். பிறகு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஏறி, ஊர் ஊராகப் போய்விட்டான். நானும் ஓய்வு பெற்றேன். அவன் தினமும் காலையில் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு புத்தர் படம் அனுப்புவான். தாமரை, சூரியோதயம், காலை வணக்கம். "தினமும் உக்காருறேன் மேடம், மனசு அமைதியா இருக்கு" என்று எப்போதாவது எழுதுவான். நானும் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலாகப் போடுவேன்.

இந்தக் கதையை கவிதாவுக்கு எழுதுவதென்றால் பழனியம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று தோன்றியது. போன வாரம் போன் செய்தேன். குரல் கேட்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். சுகம் விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எழுதுங்க, அதுக்கென்ன. அவன் எப்படி இருக்கறான்?"

"நல்லா இருக்காம்மா. தினமும் தியானம் பண்றானாம். உங்களைப் பார்க்க வந்துட்டுத்தானே இருக்கான்?"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"வரலைங்க. பொங்கல் கழிச்சு வாரேன்னு சொன்னான். வருவான்னு ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்பு ஒண்ணு எடுத்து வெப்பேன். வரலை. நீங்களும்தான் வாரேன்னு சொன்னீங்க."

நானும் கார்த்தியும் அமைதியாக அமர்ந்திருந்தோம், அவர் காத்திருந்தார். வேலை முடிந்தது என்று கோப்பை மூடியவள் நான். எனக்கு அது ஒரு கேஸ்.

"எழுதறது எழுதறீங்க, முழுசா எழுதுங்க" என்றார். "அவன் வரலைங்கறதையும் எழுதுங்க. நீங்க வரலைங்கறதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன் கவிதா. இதில் எது எத்தனையாவது படி என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை மோகனூர் பஸ் ஏறுகிறேன், விருப்பமிருந்தால் நீயும் வா. கார்த்தியையும் வரச் சொல்லலாம் என்று நேற்று முழுக்கக் கூப்பிட்டேன். மூன்று தடவை. மூன்று தடவையும் முழுசாக அடித்து நின்றது. இன்று காலை புத்தர் படமும் வரவில்லை.